ஒன்றேமுக்கால்

வீட்டைச் சூடாக்கக் காசு கொடுப்பார்கள் என்று ஊரில் இருந்தவரை எனக்குத் தெரியாது. திருநெல்வேலியில் அது இலவசம். லண்டனில், ஜனவரி மாதத்தில் பாய்லர் நின்றபோதுதான் அதன் அருமை புரிந்தது.

அழுத்தம் காட்டும் முள் சுழியத்தில் படுத்திருந்தது. தண்ணீர் விட்டு 1.5 பாருக்கு எழுப்பினேன். ரேடியேட்டர்கள் சூடேறச் சூடேற முள் 3-ஐத் தொட்டது. சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த செப்புக்குழாய் வாசல் தெளித்தது. விடிந்தால் மறுபடி சுழியம். மூன்று நாள் நான் ஊற்ற, அது கொட்ட, இதே கூத்து. பிளம்பர் பத்து நாள் கழித்து வருகிறேன் என்றார். அதுவரை தேங்காயெண்ணெய் மாதிரி உறைந்து கிடக்க வேண்டியதுதான்.

குற்றவாளி அலமாரிக்குள் இருந்தது: 18 லிட்டர் கொள்ளும் சிவப்புக் குடம். நடுவில் ரப்பர் திரை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. நூறு லிட்டர் தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 80-க்குச் சூடேறினால் ஏறக்குறைய 3 லிட்டர் பெருக்கும். தண்ணீரை நசுக்க முடியாது. காற்றுதான் ஒதுங்கி இடம் கொடுக்க வேண்டும்.

குடத்தின் அடியில் கார் டயரில் இருக்கும் அதே வால்வு. கேஜை வைத்துப் பார்த்தேன். 1.4. குடத்துக்கு ஒரு குறையும் இல்லை!

அங்கேதான் ஏமாந்தேன். மனைவி பக்கத்தில் நிற்கும்போது அம்மா போனில், "சொகமா இருக்கியால?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? திரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நெருக்கிக்கொண்டு நிற்கையில், காற்றும் தண்ணீரின் கணக்கைத்தான் ஒப்பிக்கும். உண்மை தெரிய வேண்டுமானால் தண்ணீரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும்.

பாய்லரை அணைத்து, ஆறவிட்டு, வடித்தேன். டிகாஷன் நிறத்தில் இறங்கியது. இப்போது கேட்டேன். குடம் கதறிவிட்டது: சுழியம்.

பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு 1 பார் என்பது கணக்கு. எங்கள் மாடி ரேடியேட்டர் குடத்துக்கு மேலே 5 மீட்டரில். ஆக அரை பார், கைக்காவலுக்குக் கொஞ்சம் சேர்த்து 0.8. வடிகுழாயைத் திறந்தே வைத்துக்கொண்டு மகனின் சைக்கிள் பம்பால் அடித்தேன். ஜனவரியில் எனக்கு வியர்த்தது அன்றைக்குத்தான். பிறகு 1.2 வரை தண்ணீர் நிரப்பிப் பாய்லரைப் போட்டேன். முள் நிதானமாக ஏறி ஓரிடத்தில் நின்றது. வாசல் காய்ந்தே கிடந்தது.

ராத்திரி அம்மா போன். "சொகமா இருக்கியால?"

"ஒண்ணேமுக்கால்மா!" என்றேன்.

மனைவி பக்கத்தில்தான் நின்றாள். இருந்தாலும் அது நிஜம்.