நீட்டித்த வாரண்டியும் ஐந்திணை ஒழுக்கமும்: ஓர் ஒப்பாய்வு

1. முன்னுரை

மடிக்கணினி ஏன் பழுதாகிறது என்று பொறியாளர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். பழுதானதை வாரண்டிக்குள் சரிசெய்து வாங்குவது எப்படி என்பதற்கு மட்டும் இலக்கணம் இல்லை. அக்குறையைக் களைவதே இந்த ஆய்வின் நோக்கம்.

ஆய்வுக் களம்: சென்னையிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு ஆய்வெல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகிறது. அங்கே வாரண்டிப் பேச்சே எழாததால் வேலை சட்டென்று முடிந்துவிடுகிறது. ஆய்வுக்கு ஒன்றும் தேறுவதில்லை.

அகத்திணையில் மாந்தரின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. சர்வீஸ் சென்டரிலும் டோக்கன் எண்தான், பெயர் கிடையாது. ஆகவே நிறுவனத்தின் பெயரும் இங்கே சுட்டப்படவில்லை.

2. திணைப் பாகுபாடு

குறிஞ்சி: நிலம், கடையும் கடை சார்ந்த இடமும். உரிப்பொருள், புணர்தல். கம்பெனி தரும் ஓராண்டு வாரண்டியோடு, தனியாகப் பணம் கட்டி மேலும் இரண்டாண்டு சேர்த்துக்கொள்வது இங்கேதான். "எது ஆனாலும் கம்பெனி பாத்துக்கும் சார்" என்பது விற்பனையாளர் கூற்று. பேட்டரிக்குப் பெரும்பாலும் ஓராண்டுதான், கீழே விழுந்தாலும் தண்ணீர் பட்டாலும் செல்லாது என்பவை பொடி எழுத்தின் கூற்று. முதற்காட்சியில் பொடி எழுத்தைப் படித்த தலைவன் எவனும் இல்லை.

முல்லை: உரிப்பொருள், இருத்தல். சிறுபொழுது மாலை என்பது பழைய விதி. இங்கே அது சனிக்கிழமை காலை. வீட்டில் நொடிக்கொரு முறை அணைந்த கணினி, கவுன்டரில் வைத்ததும் சமர்த்தாக ஓடும். "நல்லாத்தானே சார் ஆன் ஆகுது?" வீட்டிலேயே எடுத்துவைத்த வீடியோ இருந்தால்தான் தலைவனின் சொல் அம்பலம் ஏறும். பிறகு ஜாப் ஷீட் எழுதப்படும். மேல்மூடியில் கீறல், ஓரத்தில் நசுங்கல், ரப்பர் புஷ் ஒன்று இல்லை, அடாப்டர் பெறப்படவில்லை என்று வாங்கிய நாள்முதல் நம் கண்ணில் படாததெல்லாம் அதில் ஏறும். எதற்காக வந்தோமோ அந்தப் பழுதுக்குக் கடைசியில் ஒரே சொல்: 'செக்.'

பாலை: உரிப்பொருள், பிரிதல். ஓதல், பகை, தூது, பொருள் ஆகியவற்றின் பொருட்டுப் பிரிவு நிகழும் என்பர் பழையோர். ஐந்தாவதாகப் பார்ட்வயிற் பிரிவைச் சேர்க்க இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. "மதர்போர்டு ஆர்டர் போட்டாச்சு சார், வந்ததும் கூப்பிடுறோம்." பிரியும்முன் தலைவனிடம் ஒரு கையெழுத்து வாங்கப்படும்: உள்ளிருக்கும் ஃபைல்கள் அழிந்தால் நிறுவனம் பொறுப்பல்ல. காப்பி எடுத்துவைக்காதவர்க்கு இதுவே சுரம்.

மருதம்: உரிப்பொருள், ஊடல். வாயிலாக வருபவர் கஸ்டமர் கேர் பாணர். அவர் பாடும் பாட்டு, "எஸ்கலேட் பண்ணியிருக்கோம் சார்." ஊடலின் பொருள் பெரும்பாலும் தேதிதான். டீலருக்குச் சரக்கு அனுப்பிய நாளிலிருந்து நிறுவனத்தார் வாரண்டியை எண்ணுவார்கள். பில் போட்ட நாளிலிருந்து நாம் எண்ணுவோம். பில் கையில் இருந்தால் ஊடல் தணியும்.

நெய்தல்: உரிப்பொருள், இரங்கல். ஈரம் பட்டால் சிவக்கும் வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று சில கணினிகளின் வயிற்றுக்குள் ஒட்டப்பட்டிருக்கும். அது சிவந்தால் நம் கண்ணும் சிவக்கும். வாரண்டி போய் வரும் எஸ்டிமேட்டில் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி.

நிறுவனத்துக்கு நாம் அனுப்பும் மின்னஞ்சல்களும், 'இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்று வரும் தானியங்கிப் பதில்களும் கைக்கிளையின்பாற்படும்.

3. அறத்தொடு நிற்றல்

களவைத் தாமே வெளிப்படுத்தும் இத்துறைக்குச் சான்றுகள் அரிது. புறத்தில் பெயர் சுட்டலாம் என்பதால் ஒன்று சொல்லலாம்: 2018 ஜூனில் ஆப்பிள், தன் 'பட்டர்ஃபிளை' விசைப்பலகையில் விசை ஒட்டிக்கொள்வதையும் எழுத்து இரட்டிப்பதையும் ஒப்புக்கொண்டு, முதல் விற்பனையிலிருந்து 4 ஆண்டுகளுக்கு இலவசமாகப் பழுது நீக்கித் தருவதாக அறிவித்தது. அதிலும் 'சிறு விழுக்காட்டுக் கணினிகளில்தான்' என்ற அடைமொழி இருந்தது. இதன்பேரில் தொடுக்கப்பட்ட வழக்கு மட்டும் நிற்கவில்லை. அமெரிக்காவில் 2022இல் 5 கோடி டாலர் தர இசைந்த பிறகே அது சமரசத்துக்கு வந்தது.

4. முடிவுரை

கணினி பழுதா இல்லையா என்று முல்லையைத் தவிர எத்திணையிலும் யாரும் வாதிடுவதில்லை. அந்தப் பழுது யாருடையது என்பதுதான் வழக்கு. அதைத் தீர்ப்பது ஸ்க்ரூ டிரைவர் அல்ல, காகிதம்.

எனவே வாசகருக்கு: பில்லைப் படம் எடுத்து மின்னஞ்சலில் போட்டுவையுங்கள். ஜாப் ஷீட்டில் 'செக்' என்று இருந்தால், பழுதை முழுதாக எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சிக்கல் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது.