மூக்குக்கண்ணாடி தேடு படலம்

வீட்டில் காணாமற்போகும் பொருள்கள், தேடக் கிடைப்பன, வேறொன்றைத் தேடக் கிடைப்பன என இருவகைப்படும். மூக்குக்கண்ணாடி இரண்டாம் வகையைச் சார்ந்தது. சாவி, குடை, ரேஷன் கார்டு முதலியவற்றுக்குத் தனித்தனி அதிகாரம் தேவைப்படுவதால் அவை இங்கே விடப்பட்டன.

ஆய்வுக்களம், ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மனைவியுடன் வசிக்கும் நடுத்தர வீடு. கண்ணாடி இருக்கத்தக்க இடங்கள் பத்து: மேசை இழுப்பறை, தலையணை அடி, குளியலறை மாடம், டிவி மேல், ஃபிரிட்ஜ் மேல், பூஜை அலமாரி, கொடியில் தொங்கும் சட்டையின் பை, காலைச் செய்தித்தாளின் மடிப்பு, ஈசிசேரின் துணிக்கும் கட்டைக்கும் இடைப்பட்ட பள்ளம், தேடுபவரின் நெற்றி. பத்தாவதை இடமாகக் கொள்ளலாமா என்று ஐயுறுவோர் அனுபவம் போதாதவர்.

இத்துறையில் இரு கட்சியினர் உண்டு. வாசலில் தொடங்கிக் கொல்லை வரை வரிசை பிசகாமல் தேடுவோர் முறைவாதிகள். கால் போன போக்கில் தேடுவோர் தாவல்வாதிகள். யார் கட்சி உயர்ந்தது என்ற வழக்கை 1997இல் டேவிட் வோல்பர்ட், வில்லியம் மக்ரெடி என்னும் இருவர் ஒரே தேற்றத்தால் தள்ளுபடி செய்தனர். ‘நோ ஃப்ரீ லஞ்ச்’ என்பது அதன் பெயர். இருக்கக்கூடிய சிக்கல்கள் அத்தனையையும் ஒன்று விடாமல் சேர்த்துச் சராசரி எடுத்தால், பார்த்த இடத்தை மீண்டும் பாராத எந்தத் தேடல் முறையும் இன்னொன்றுக்கு மேலும் அன்று, கீழும் அன்று என்பது அதன் கருத்து.

அக்காலத்தில் கணினியாளர்களிடையே சர்வரோக நிவாரணிகள் மலிந்திருந்தன. உயிர்களின் பரிணாமத்தைப் போலச் செய்து விடை தேடும் மரபணு முறையை ஜான் ஹாலண்ட் 1975இலேயே நூலாக எழுதிவிட்டார். காய்ச்சிய உலோகம் மெல்ல ஆறுவதைப் போலச் செய்யும் முறையைக் கிர்க்பாட்ரிக் முதலிய மூவர் 1983இல் கொண்டுவந்தனர். எந்தச் சிக்கலுக்கும் இதுவே மருந்து என்று அவரவர் அடியார்கள் முழங்கிக்கொண்டிருந்தபோதுதான் இத்தேற்றம் வந்து நடுவில் உட்கார்ந்தது. இதன்படி, சிகரம் தேடுகிறவன் மேல்நோக்கி ஏறிக்கொண்டே போவதும், வேண்டுமென்றே பள்ளத்தில் இறங்கிக்கொண்டே போவதும் சராசரியில் ஒன்றே. நம்ப முடியாதுதான். ஆனால் நிரூபித்துவிட்டார்கள்.

இனி வீட்டுக் கணக்கு. பத்து இடங்களை 36,28,800 வரிசைகளில் தேடலாம். கண்ணாடி எங்கேயும் சம வாய்ப்புடன் இருக்குமாயின், எந்த வரிசையில் போனாலும் சராசரியாக ஐந்தரை இடம் பார்க்க வேண்டிவரும். அரை இடம் யாதெனின், இழுப்பறையைத் திறந்து முழுவதும் பாராமல் மூடுதல். எங்கே பார்த்தோம் என்பதையே மறந்து தேடுபவருக்கு இது பத்து இடமாகும். மறதியின் விலை நாலரை இடம் என்க.

இங்கே ஒரு தடை எழுகிறது. “அந்த டிராயரையே எத்தனை தடவைதான் திறப்பீங்க?” என்பது சமையலறையிலிருந்து வரும் தடை. இதற்கு விடை, தேடுபவர் கண்ணில் கண்ணாடி இல்லை என்பதே. எதைத் தேடுகிறாரோ அது இருந்தால்தான் அவருக்குத் தேடவே முடியும். ஆகவே முதல் பார்வை பார்வையே அன்று. இருந்தும் தென்படாமற்போக இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு என்று கொண்டால், பார்த்து ஏமாந்த இழுப்பறையின் வாய்ப்பு பத்தில் ஒன்றிலிருந்து பத்தொன்பதில் ஒன்றாகக் குறையும். பாராத மற்ற இடங்களுக்குத் தலா பத்தொன்பதில் இரண்டு. குறைந்ததே ஒழியப் பூச்சியமாகவில்லை. மற்ற ஒன்பதையும் இதே மங்கல் பார்வையில் ஒரு சுற்று பார்த்துவிட்டால் இழுப்பறை பழையபடி சம உரிமை பெறும். பெரியவர் அதை மறுபடி திறப்பது சட்டப்படி சரி. மற்றவற்றைப் பாராமலே மூன்று முறை திறப்பதற்கு மட்டும் கணிதத்தில் இடமில்லை.

தேற்றம் இப்படிச் சமத்துவம் பேச, நடைமுறையில் வேறொன்று நிகழ்கிறது. பெரியவர் வீட்டைத் தலைகீழாக்கிய பின், அரிசி களைந்துகொண்டிருக்கும் அம்மையார் திரும்பியும் பாராமல், “ஏங்க, ஃபிரிட்ஜ் மேல பாருங்க” என்கிறார். இருக்கிறது. தேற்றம் பொய்யா?

பொய்யன்று என்பதற்கு ஸ்பெயின் நாட்டுச் சான்று ஒன்று உண்டு. 1966 ஜனவரி 17 அன்று பாலோமாரஸ் என்ற ஊரின் மேலே, நடுவானில் எரிபொருள் நிரப்புகையில் இரண்டு அமெரிக்க விமானங்கள் மோதி ஏழு பேர் மாண்டனர். நான்கு ஹைட்ரஜன் குண்டுகளில் மூன்று நிலத்தில் கிடைத்தன. நான்காவது மத்தியதரைக் கடலுக்குப் போயிற்று. வல்லரசின் கடற்படை வந்து தேடியது. பிரான்சிஸ்கோ சிமோ என்ற மீனவரோ பாராசூட்டில் ஏதோ இறங்கியதைத் தம் கண்ணால் பார்த்திருந்தார். விழுந்த இடத்தைக் காட்டவும் செய்தார். மார்ச் மாதம் ஆல்வின் என்ற சிறு நீர்மூழ்கி அதைக் கண்டது. தூக்கும்போது நழுவி மறுபடி காணாமற்போய், ஏப்ரல் 7 அன்றுதான் மேலே வந்தது. மீட்புப் பணிக்குரிய பங்கைக் கேட்டு மீனவர் வழக்கறிஞர் வைத்தார். அரிசி களையும் அம்மையார் எவரும் இன்றுவரை அப்படிக் கேட்டதில்லை.

மீனவரிடமும் அம்மையாரிடமும் முறை என்று ஒன்றும் இல்லை, செய்தி இருந்தது. தேற்றம் சொல்லும் சராசரியில், கண்ணாடி அரிசி டிரம்முக்குள் கிடக்கும் வீடும் தென்னை மரத்தில் தொங்கும் வீடும் சம உரிமையோடு சேரும். இடங்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் அதே தொகுப்புக்குள் அடங்கும் சிக்கல்களுக்கே தேற்றம் பொருந்தும் என்று ஷூமாக்கர், வோஸ், விட்லி மூவரும் 2001இல் வரம்பு கட்டினர். நம் பெரியவர் கலைத்தாலும் கலையாதவர். நாற்பது ஆண்டுகளாகப் பேப்பரைப் பாதியில் மடித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலுக்காக ஃபிரிட்ஜைத் திறக்கும்போது கண்ணாடியைக் கழற்றி அதன் தலையில் வைப்பவர். அம்மையார் தேடியது கண்ணாடியை அன்று, கணவரை. அவரையே அடுத்த வீட்டுக்காரரின் கண்ணாடியைத் தேடச் சொன்னால் ஐந்தரை இடம்தான் ஆகும்.

கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாமே என்று சிலர் கூறுவர். அது தேடல் முறை ஆகாது. துறையையே ஒழிக்கும் முயற்சி. எனவே இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை.