பூர்வீகப் புலி

பூர்வீகம் தேடும் புலிக்கு உழைப்பில் குறை சொல்ல முடியாது. தாலுகா ஆபீஸ், சார்பதிவாளர் அலுவலகம், எழும்பூர் ஆவணக் காப்பகம் என்று அலைவார், தூசியில் தும்முவார், நகலுக்கு மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார். ஆனால் கொள்ளுத்தாத்தா ஜமீன்தார் என்று தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டுதான் சாட்சிகளைக் கூப்பிடுவார். செட்டில்மெண்ட் ரிஜிஸ்தரில் பெயர் பொருந்திவிட்டால் அதை எழுதிய குமாஸ்தா அரிச்சந்திரன். அதே வரியில், பெயருக்கு நேரே 'புன்செய் 2 ஏக்கர்' என்றிருந்தால் அவன் அரைத்தூக்கக்காரன், பங்காளியிடம் காசு வாங்கியவன், இரண்டு சைபரை விழுங்கியவன். இதில் வேடிக்கை, அந்த ரயத்துவாரி ரிஜிஸ்தரே இவருக்கு எதிர்சாட்சி. மதராஸ் மாகாணத்தில் 1802-ல் வந்த சாசுவத நிலவரித் திட்டம் ஜமீன்தாரிடம் மொத்தமாக வரி வாங்கியது. கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ வேரூன்றச் செய்த ரயத்துவாரியிலோ சர்க்கார் குடியானவனுக்கே பட்டா கொடுத்து நேராக வரி வாங்கியது. நடுவில் ஜமீன்தாருக்கு வேலையே இல்லை. ரயத்துவாரிப் பட்டாவை லேமினேட் செய்து, அதையே ஜமீன் பரம்பரைக்கு அத்தாட்சியாகக் கூடத்தில் மாட்டுகிறவரை என்ன சொல்ல?

கொள்ளுத்தாத்தாவின் ஓலை ஜாதகம் கிடைத்தால் இன்னும் வசதி. அதில் 'துன்மதி வருஷம்' என்று மட்டும் இருக்கும். தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் 1801-ம் துன்மதி, 1861-ம் துன்மதி. மருது சகோதரர்கள் தூக்கிலேற்றப்பட்டது 1801-ல் என்பதால் நம்மவர் கை தானாக அந்த ஆண்டைத்தான் எடுக்கும். ஜாதகக்காரரின் மகன் பிறந்தது 1890 என்று பள்ளிச் சான்றிதழ் சொல்கிறதே, எண்பத்தொன்பது வயதிலா பிள்ளை என்று கேட்டால், அந்தக் காலத்து நெய்யைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

பதிவேடென்ன வேதமா, குமாஸ்தாவும் மனிதன்தானே என்று கேட்கலாம். நியாயம்தான். ஊர்ப் பெயர்கள் சிதைந்திருக்கின்றன, வயதுகள் உத்தேசமாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் கைத்தவறு என்றால் இரண்டு பக்கமும் தவற வேண்டாமா? இவர் குடும்பத்துக்கு நேர்ந்த பிழைகள் அத்தனையும் ஏக்கரைக் குறைத்தவை. தவறிப்போய்க் கூட்டி எழுதிய குமாஸ்தா ஒருவன்கூடக் கிடையாது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இவர் இல்லையென்றால் பரண்மேல் இருக்கும் தகரப்பெட்டிக் கிரயப் பத்திரங்கள் கரையானுக்கும் பழைய பேப்பர்காரருக்கும்தான் போயிருக்கும். வேப்பிலை போட்டு, துணியில் சுற்றி, பேரனை விட்டுப் படமெடுக்க வைத்துப் பத்திரப்படுத்துகிறாரே, அதற்காக ஜமீன் பட்டத்தைக்கூடக் கொடுத்துவிடலாம்.

பொறுக்க முடியாதது வேறு. ஏழு தலைமுறை வம்சாவளிப் படத்தில் பெண் ஒருத்தி இல்லை. அத்தனை ஆண்களும் அவரவர் அப்பாவுக்கு நேராகப் பிறந்தவர்கள் போலிருக்கிறது. பட்டாவெல்லாம் ஆண்கள் பேரில், நான் என்ன செய்வேன் என்பார். சொத்து விற்ற பத்திரங்களில் பெண்கள் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். ஜீவனாம்சம் கேட்டு விதவைகள் கோர்ட் ஏறியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்கள் வந்தால் விரல் வேகமாகப் புரட்டிவிடுகிறது. அப்பாவைப் பெற்றவளின் பிறந்த ஊர் எது என்று கேட்டால், ரெக்கார்டு இல்லை என்பார். எண்பதைத் தாண்டிய அத்தை அடுத்த தெருவில்தான் இருக்கிறார். நான்கு தலைமுறைப் பெண்களின் பெயரை, யார் யாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்பதோடு சொல்லுவார். இவர் போவதில்லை. அத்தை சொல்வதற்கு முத்திரை கிடையாதாம்.