காயலான் கடைக்குப் போகவேண்டியவை

மேனேஜர் ஆகிவிட்டேன். நேர்முகத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "குழந்தையை யார் மேடம் பார்த்துப்பாங்க?" எனக்கு முன்னால் உள்ளே போன சகாவுக்கு இரண்டு பிள்ளைகள். அவரிடம் அடுத்த ஐந்தாண்டு விற்பனைத் திட்டத்தைக் கேட்டார்களாம். அவர் பிள்ளைகள் தாமே குளித்து, தாமே தலைவாரிப் பள்ளிக்குப் போகிறார்கள் போலும்.

அன்றே கேன்டீனில் தீர்ப்பு வந்துவிட்டது. "தனியா இருக்காங்க, பாவம்னு கொடுத்திருப்பாங்க." பக்கத்து மேசையில், "தனியா இருக்காங்கல்ல, அதான்." பதினோரு வருஷம் நான் பார்த்த வேலை எந்த மேசைக்கும் எட்டவில்லை.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்று மகப்பேறு நலச் சட்டத்தை 2017-ல் திருத்தினார்கள். எங்களிடம் காப்பகம் உண்டே! லிஃப்டுக்குப் பக்கத்து அறை. சுவரில் மிக்கி மௌஸ். கீழே கால் உடைந்த பதினாறு சுழல் நாற்காலிகள், பழைய ஃபைல்கள், போன மகளிர் தினத்துக் கோலப்பொடி மூட்டை. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் நாற்காலிகள் மொட்டைமாடிக்கு ஏறும், ஒரு மரக்குதிரை கீழே இறங்கும். நான்கு முறை போய்ப் பார்க்கலாம்தான். நாற்காலிகளை.

இரண்டு கோடி ரூபாய் பர்ச்சேஸ் ஆர்டருக்கு என் கையெழுத்து போதும். யுகேஜி படிக்கும் என் மகள் வண்டலூர் போய்க் குரங்கு பார்க்க அது போதாது. அப்பா கையெழுத்து வேண்டுமாம். அந்த ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்று எனக்கே தெரியாது. "தாத்தாவாச்சும் போடட்டுமே மேடம்!" முதலில் தந்தை, அவருக்குப் பிறகுதான் தாய் என்று 1956-ல் எழுதிவைத்தது காப்பாளர் சட்டம். அந்தப் 'பிறகு'க்கு அவர் செத்த பிறகு என்று மட்டும் அர்த்தமில்லை என கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. தாய் தனியாக வளர்க்கும் பிள்ளைக்கு அப்பா பெயர் கட்டாயமில்லை என்று பான் கார்டு விண்ணப்பம்கூட 2018-ல் திருந்திவிட்டது. வருமான வரித்துறைக்கு வந்த புத்தி பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. கண்புரை அறுவைக்குக் காத்திருக்கும் என் அப்பா, நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் தடவித் தடவிப் போட்டார். செல்லுமாம்.

வருகிற மார்ச் 8-ல் என்னை மேடையேற்றிச் 'சாதனைத் தாய்' கேடயம் தரப்போகிறார்கள். விழா மாலை 6.30-க்கு, மகளின் டே கேர் ஆறு மணிக்கே பூட்டு.

கேடயம் வேண்டாம் ஐயா. அந்தப் பதினாறு நாற்காலிகளைக் காயலான் கடைக்குப் போடுங்கள்.