கர்ணன் கட்சிக்காரர்

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஒரு பெரிசு இருப்பார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். கடலுக்குப் போவதை நிறுத்தி வருஷங்கள் ஆயிற்று. வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைக் கட்டிக்கொண்டிருப்பார். தேர்தலைப் பற்றிக் கேளுங்கள், மீன் விலையைப் பற்றிக் கேளுங்கள், மூத்த மருமகளைப் பற்றிக் கேளுங்கள்; "எனுக்கு இன்னாப்பா தெரியும், வுடு" என்று நழுவிவிடுவார். டி.வி.யில் மகாபாரதம் என்று ஒரு சங்கு ஊதினால் போதும், மனிதர் நிமிர்ந்து கட்சிக்காரர் ஆகிவிடுவார். கொடி, கூட்டணி எதுவும் இல்லாத கட்சி. கர்ணன் கட்சி.

எதிர்க்கட்சித் தலைவர் கிருஷ்ணர். சாமி என்ற முறையில் அவர்மேல் பெரிசுக்கு ஒரு புகாரும் கிடையாது. திருவல்லிக்கேணிக்குப் போனால் பார்த்தசாரதியைச் சேவிக்காமல் திரும்பமாட்டார். அங்கே உற்சவர் திருமுகத்தில் தழும்புகள் உண்டு. பாரதப் போரில் பீஷ்மர் விட்ட அம்புகள் பட்ட காயம் என்பார்கள். பெரிசு கன்னத்தில் போட்டுக்கொண்டே பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வார்: "எல்லாம் பீஷ்மர் வுட்டது. நம்மாளு அம்பு ஒண்ணு படல பாத்தியா? அவன் மரியாத தெரிஞ்சவன்."

அதே கிருஷ்ணர் டி.வி.க்குள் வந்துவிட்டால் சலுகை எதுவும் இல்லை. கவசகுண்டலத்தை வாங்க இந்திரனை ஐயர் வேஷத்தில் அனுப்பியது யார்? குந்தியை மகனிடம் அனுப்பி, நாகாஸ்திரத்தை ஒரு தடவைக்குமேல் விடாதே என்று வரம் வாங்க வைத்தது யார்? அந்த ஒரு தடவையும் தேரைக் காலால் அமுக்கி, தலைக்கு வந்ததைத் தலைப்பாகையோடு போகவைத்தது யார்? பெரிசு விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வருவார். கை தீர்ந்ததும் தீர்ப்பு வரும்: "ஒரு ஆள அடிக்க இவ்ளோ டகால்டியா? எங்க குப்பத்துல இப்பிடிப் பண்ணியிருந்தா ஊர்க்கூட்டம் போட்டு அபராதம் கட்ட வெச்சிருப்போம்." கிருஷ்ண பரமாத்மாவுக்கு எவ்வளவு அபராதம் என்று நான் கேட்டதில்லை. பெரிசு நிச்சயம் ஒரு தொகை வைத்திருப்பார்.

கீதை அவருக்கு ஒத்துவராது. இரண்டு சேனைக்கும் நடுவே தேரை நிறுத்தி உபதேசம் ஆரம்பித்தால் பீடிக்கட்டைத் தேடிக்கொண்டு எழுந்துவிடுவார். "சண்டைக்கு வந்த எடத்துல இன்னா இவ்ளோ பேச்சு? அந்தப் பக்கம் நம்மாளுங்க வெயில்ல நிக்கிறானுங்க." குப்பத்துக்குப் பெயர் கொடுத்த கர்னல் ஒல்காட், 1882-இல் பிரம்மஞான சபையை அடையாற்றுக்குக் கொண்டுவந்தவர். அவருக்குப் பிறகு சபைக்குத் தலைவரான அன்னி பெசன்ட் 1895-இல் கீதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அந்த அம்மாள் பெயரில்தான் பக்கத்து நகரும் இருக்கிறது. கீதைக்கு இவ்வளவு நெருக்கத்தில் குடியிருந்துகொண்டு, கீதை வந்தால் பீடி பிடிக்க எழுந்து போகும் ஒரே ஜீவன் இவராகத்தான் இருக்கும்.

இவருடைய பார்வையாளர் வாழ்க்கைக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1987 ஜனவரியில் ராமானந்த் சாகரின் ராமாயணம் ஞாயிறு காலைகளில் தூர்தர்ஷனில் வர ஆரம்பித்தது. 1988 அக்டோபர் 2-இல் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம். இரண்டும் இந்தி. இந்தியை எதிர்த்துச் சிறைக்குப் போன தமிழ்நாட்டில், டி.வி. இருக்கும் வீட்டுத் திண்ணை தாங்காத அளவுக்குக் கூட்டம் கூடி அந்த இந்தியைப் பார்த்தது. பாஷை யாருக்குத் தேவைப்பட்டது? சகுனி ஒரு கண்ணைச் சுருக்கினால் கை தாயத்துக்குப் போகும் என்று பிறந்த குழந்தைக்கும் தெரியும். நம் பெரிசுதான் அன்றைய மொழிபெயர்ப்பாளர். திரையில் இரண்டு வரி பேசினால் இவர் பத்து வரி சொல்வார், அதில் எட்டு கர்ணனுக்குச் சாதகமாக இருக்கும். பீமனாக நடித்த பிரவீன் குமார் நிஜமாகவே ஆசிய விளையாட்டில் வட்டெறிந்து தங்கம் வாங்கியவர் என்று யாரோ சொன்ன பிறகு, பீமன்மேல் மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டினார். அம்புகள் ஆகாயத்தில் ஒன்றையொன்று தேடிப் போய், மோதி, பொறி பறந்து உதிரும்வரை பெரிசு கண் சிமிட்டமாட்டார். கர்ணன் அம்பு உதிர்ந்தால் கேபிள் இல்லாத அந்தக் காலத்திலேயே ஆன்டெனாவைத் திட்டுவார்.

பிறகு 2006-இல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டி.வி. கொடுத்தார். பகுத்தறிவு முதல்வர் கொடுத்த பெட்டியில் குப்பம் சாமி கதை பார்த்தது. இதில் யாருக்கும் சங்கடம் இல்லை, அவருக்கும் இருந்திருக்காது. 2015-இல் தொண்ணூறைத் தாண்டிய வயதில் அவரே ராமானுஜர் தொடருக்கு எழுதினாரே. 2013-இல் சன் டி.வி. ஒரு மகாபாரதம் போட்டது, அதே ஆண்டு அக்டோபரில் விஜய் டி.வி. இந்தியிலிருந்து தமிழாக்கிய இன்னொன்றைத் தொடங்கியது. இரண்டு சேனலிலும் கர்ணன் சாக வேண்டியிருந்ததால் பெரிசுக்கு அது இரட்டைத் துக்கம். ஊரடங்கில் 2020 மார்ச் கடைசியில் தூர்தர்ஷன் பழையதையே திரும்ப ஒளிபரப்பியபோது, கடலுக்குப் போக வழியில்லாமல் வீட்டில் கிடந்த பிள்ளைகளும் பேரன்களும் பெரிசின் விளக்கவுரையைத் தப்பிக்க வழியில்லாமல் கேட்டார்கள்.

இவருடைய பழைய ரகசியம் ஒன்று உண்டு. குப்பம் எம்.ஜி.ஆர். கோட்டை. படகோட்டியில் துடுப்புப் பிடித்தவரை மீனவர்கள் வேறு எப்படிப் பார்ப்பார்கள்? பெரிசும் வாத்தியார் ரசிகர்தான். ஆனால் 1964 பொங்கலன்று எம்.ஜி.ஆரின் வேட்டைக்காரனும் சிவாஜியின் கர்ணனும் ஒரே நாளில் வெளியாகின. அரை டிராயர் பையனாக இருந்தவர், வேட்டைக்காரனுக்கு என்று வீட்டில் துட்டு வாங்கிக்கொண்டு போய் எந்தக் கொட்டகைக்குள் நுழைந்தார் என்பது இன்றுவரை சபையில் சொல்லப்படுவதில்லை. "ரெண்டும் பாத்தேன்" என்பார். எதை முதலில் என்று கேட்டால் வலைக்கு நூல் கோக்க ஆரம்பித்துவிடுவார். 2012 மார்ச்சில் பந்துலு இயக்கிய அந்தக் கர்ணனைப் புதுப்பித்து மறுபடி வெளியிட்டபோது, பேரன் துணையோடு போய் ஏ.சி. தியேட்டரில் அழுதுவிட்டு வந்தார். கடைசியில் சீர்காழி கோவிந்தராஜன் பாட ஆரம்பித்ததும் முன்வரிசையில் ஒருவர் விசும்ப, பின்வரிசையில் இவர் விசும்ப, நடுவே பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தவர்கள் பயந்துவிட்டார்களாம்.

பதினேழாம் நாள் யுத்தம் டி.வி.யில் வரும் அன்று இவரைப் பார்க்க வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, வலைக்கண்ணைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையில் ஊசியோடு வேலை நடக்கும். கண் திரையில். கை தன்பாட்டுக்கு முடிச்சுப் போடும். கர்ணன் தேரின் சக்கரம் மண்ணில் இறங்கியதும் ஊசி நின்றுவிடும். "இன்னாடா இவன் ஒண்டியா தள்றான்? ஒரு போட்ட மணல்ல தள்றதுக்கே எட்டு பேரு தோள் குடுக்கிறோம். அந்த சல்லியன் இன்னாத்துக்குக் குந்திகினு கீறான்? எறங்கிக் கை குடுக்காத டிரைவர் ஒரு டிரைவரா?" அர்ஜுனன் வில்லை வளைப்பான். இங்கே கட்டைவிரல் விறைத்துப் பின்னுக்கு வளையும். அம்பு பாயும் நொடியில் வலையும் டப்பென்று ஓரிடத்தில் விட்டுப்போகும். மூக்கைச் சிந்திக்கொண்டே அதைக் கட்டுவார். மறுவாரம் அந்த வலையைக் கடலுக்கு எடுத்துப் போகும் மகன், ஒன்று பெரிசு ஒன்று சிறிசாகக் கிடக்கும் கண்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வான்: "கர்ணன் செத்த அன்னிக்குக் கட்னதா இது? இதுவழியா சங்கரா இன்னா, சுறாவே போவும்."

பெரிசின் வாதத்தை உடைக்கக்கூடிய ஆள் ஒன்றே ஒன்று. அவருடைய வீட்டுக்காரம்மா. ரோட்டோரத்தில் மீன் விற்றுவிட்டுத் திரும்பி, மிச்சத்துக்கு ஐஸ் போட்டுக்கொண்டே பார்ப்பார். ஆயா திரௌபதி கட்சி. சூதாட்ட சபையில் அத்தனை கிழடுகளும் தலையைக் குனிந்திருக்க, திரௌபதியை வாய்கூசாமல் பேசியதில் கர்ணனுக்கும் பங்கு உண்டல்லவா? அந்தக் காட்சி வந்தால் ஆயா கையில் இருக்கும் கத்தியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்கள் பக்கத்தில் உட்காருவார்கள். "இன்னாய்யா, வள்ளல்னியே. அள்ளி அள்ளிக் குடுத்தவன் அன்னிக்கு அந்தப் பொண்ணுக்கு ஒரு துண்டு குடுத்தானா?" பெரிசுக்கு இதற்குப் பதில் கிடையாது. சோப்ரா காலத்திலிருந்தே கிடையாது. "வெளம்பரம் போட்டான், தண்ணி குடு" என்பார், விளம்பரம் ஓடாதபோதும்.

தோற்றுப்போன நாட்களில் பெரிசு பிடித்துக்கொள்ளும் கடைசிக் கயிறு மச்சகந்தி. சந்தனு மகாராஜா மயங்கி நின்றது யமுனைக்கரைச் செம்படவர் வீட்டுப் பெண்ணிடம். அவள் வயிற்றில் பிறந்தவர்தான் கதையை எழுதிய வியாசரே. "அப்போ பாண்டவரு, கௌரவரு எல்லாம் யாரு? நம்ம பொண்ணு வழியில வந்தவங்க. அரமனைக்கே நாமதான் சம்பந்தி." இவ்வளவு சொந்தம் இருந்தும், நம்ம பேரன் நம்மாளைக் கொன்றுவிட்டானே என்ற வருத்தம் மட்டும் தீரவில்லை.

போன மாதம் பேரன் செல்போனில் அந்தப் பகுதியைப் போட்டுக் காட்டினான். மகளைக் கொடுக்கவேண்டுமானால் அவள் பிள்ளைக்குத்தான் பட்டம் என்று செம்படவர் தலைவர் ராஜாவிடமே கறாராகப் பேசுகிறார். பீஷ்மர் ராஜ்யமும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம் என்று சத்தியம் செய்கிறார். ஆகாயத்திலிருந்து பூ கொட்டுகிறது.

"தாத்தா, இவரு கேக்காம இருந்தா சண்டையே வந்திருக்காது இல்ல? கர்ணனும் செத்திருக்க மாட்டான்" என்றான் பேரன்.

பெரிசு சீறினார். "பொண்ணக் குடுக்கறவன் நாலு வார்த்த கேக்கமாட்டானாடா? அதுல இன்னா தப்பு?"

உள்ளேயிருந்து ஆயா குரல் வந்தது. "கேக்கலாம், தப்பேயில்ல. எங்க நைனாவும் ஒன்னே ஒன்னு கேட்டாரு, ஒரு ஜோடி கம்மல். கல்யாணத்துக்கு அடுத்த மாசம் போடறேன்னு சத்தியம் பண்ண. ஒங்காளு காதுல ஒட்டிப் பொறந்ததயே அறுத்துக் குடுத்தான். கட்சியில சேந்து இத்தினி வருசமா நீ இன்னாய்யா கத்துகின?"

பெரிசு பேரன் பக்கம் குனிந்தார்.

"சவுண்டு வைடா" என்றார்.