புறக்கோட்டைத் திணை: ஆரம்பப் பிரிவுச் சீருடைக்கு ஓர் இலக்கணம்

1. ஆய்வின் தேவை

மலைக்கும் காட்டுக்கும் கடலுக்கும் இலக்கணம் கண்ட தமிழ்மரபு, முதலாம் தரத்துப் பிள்ளையின் வெள்ளைச் சட்டைக்கு இலக்கணம் காணாமல் விட்டது பெருங்குறை. தொல்காப்பியரை நோவதில் பயனில்லை. அவர் காலத்தில் கொழும்புப் புறக்கோட்டையின் கெய்சர் வீதி இல்லை. ஆனால் இன்று இலங்கையில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடசாலைகளில் ஏறத்தாழ 40 இலட்சம் பிள்ளைகள் படிக்கிறார்கள். இத்தனை பேர் அணியும் ஒன்றுக்கு முதல், கரு, உரி வகுக்காமல் இருப்பது கல்வியுலகுக்கு அழகல்ல. அக்குறையை இச்சிற்றாய்வு நீக்குகிறது.

2. முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள். நிலம், புறக்கோட்டை. அதனுள்ளும் கெய்சர் வீதி, பிரதான வீதி, அவற்றை வெட்டிச் செல்லும் குறுக்குத் தெருக்கள். வழி தவறியோர் இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909இல் கட்டிமுடிந்த சிவப்பும் வெள்ளையுமான பள்ளிவாசலை அடையாளமாகக் கொள்வர். கொட்டாஞ்சேனையார் நடந்தே வருவர். வெள்ளவத்தையார் 100, 101 பஸ்களில் காலி வீதி நெடுகத் தொங்கி வருவர். வெள்ளவத்தையிலேயே துணிக்கடைகள் வரிசையாக நிற்க ஏன் இந்தப் பயணம் என்பார்க்கு விடை: விலை, அதைவிடப் பேரம்.

பெரும்பொழுது, டிசம்பர்க் கடைசியும் ஜனவரித் தொடக்கமும். கொரோனாவுக்குப் பின் சில ஆண்டுகள் கல்வியாண்டு பிந்தியதால் பொழுது மயங்கியது. எனினும், பொழுது மயங்கலாம், நிலம் மயங்காது என்பது பழைய விதி. எந்த மாதத்தில் பாடசாலை தொடங்கியபோதும் சனம் புறக்கோட்டைக்கே போனது. விதி பிழைக்கவில்லை.

3. கருப்பொருள்

ஆண்பிள்ளைக்கு வெள்ளைச் சேட்டும் நீலக் கட்டைக் காற்சட்டையும். பெண்பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், ரிபன், பாடசாலையைப் பொறுத்து ரை. இருபாலார்க்கும் பொது: சப்பாத்து, மேசு, நெஞ்சில் ஊசியால் குத்திய லேஞ்சி. இந்த லேஞ்சி மூக்குத் துடைக்கவென்றே குத்தப்படுகிறது. மூக்கோ சட்டைக் கையிலேயே துடைக்கப்படுகிறது. லேஞ்சி எப்போதும் தூய்மையாக இருப்பதன் காரணம் இதுவே.

இத்திணையின் தெய்வம் நீலம். பழகிய வெள்ளைத் துணி மெல்ல மஞ்சளிக்கும். அதில் சிறிது நீலம் ஏற்றினால் மஞ்சள் கண்ணுக்கு அடங்கி, வெள்ளை மீண்டது போலத் தோன்றும். அளவு மிஞ்சினால் பிள்ளை வானநிறத்தில் பாடசாலைக்குப் போகும். ஆகவே நீலம் போடும் உரிமையை வீட்டில் எவருக்கும் கைமாற்றுவதில்லை. அம்மம்மா மட்டுமே விலக்கு.

4. கூற்று

அகத்திணையில் யார் பேசலாம் என்பதற்கு வரையறை உண்டு. இங்கும் உண்டு.

தாய் கூற்று: "நானா, இதைவிட ஒரு சைஸ் பெரிசு இல்லையோ?"

கடைக்காரர் கூற்று: "வளர்ற பிள்ளைதானே அக்கா, பெருசாவே எடுங்க. ரெண்டு வருஷம் ஓடும்."

பிள்ளை கூற்று: "அம்மா, கை வெளியில வரேல்லை."

பிள்ளை கூற்றை எவரும் பொருட்படுத்துவதில்லை. தந்தை கூற்றோ நேராக வராது. பிறர் எடுத்துச் சொல்லவே வரும் என்பது தொல்காப்பியம் காட்டும் மரபு. புறக்கோட்டையிலும் தந்தை பைகளோடு வாசலில் நிற்க, "இவர் போன முறையே விலை கூடவெண்டு சொன்னவர்" என்று தாய் வாயிலாகவே அவர் கருத்து வெளிப்படுகிறது. இரண்டாயிரம் ஆண்டு மரபு ஒரு துணிக்கடை வாசலில் பழுதின்றி நிற்பதை அறிஞர்கள் கவனிக்க.

5. உரிப்பொருள்

முப்பொருளில் சிறந்தது உரி. இத்திணைக்கு உரிப்பொருள், பெரிதாக எடுத்தலும் எடுத்தல் நிமித்தமும்.

அளவொடு தைப்பது அரும்பிழை யாகும்;
வளரும் பிள்ளை வளர்ந்தே தீரும்.

இச்சூத்திரம் என்னுதலிற்றோவெனின், சட்டை பிள்ளைக்குப் பொருந்தும் காலம் மிகக் குறுகியது என்பது உணர்த்துதல் நுதலிற்று. முதல் தவணையில் சட்டை பெரிது. மூன்றாம் தவணையில் சிறிது. இடையில் எப்போதோ சரியாக இருந்திருக்க வேண்டும்; அன்று மழை பெய்து சட்டை காயாமல் இருந்திருக்கும்.

இதற்குப் பரிகாரம் கீழ்மடிப்பு. தையல்காரர் விளிம்பில் துணியை மிச்சம் விட்டு மடித்துத் தைப்பார். பிள்ளை உயர உயர மடிப்பை அவிழ்த்து இறக்குவர். வெயிலும் சவர்க்காரமும் படாத அப்பகுதி, மேலே உள்ளதைவிட வெள்ளையாக ஒரு பட்டை போலத் தெரியும். மரத்தின் வளையத்தை எண்ணி வயது காண்பது போல, இக்கோடுகளை எண்ணினால் குடும்பத்தின் வரவுசெலவு தெரியவரும். அக்காவிடமிருந்து தங்கைக்கு இறங்கிய சட்டையில் கோடுகள் கூடுதல்.

6. புறத்திணை: அரசும் துணியும்

1945இல் இலவசக் கல்வி வந்தது. அதற்காக உழைத்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. படிப்பு இலவசம், உடுப்பு இலவசமல்ல என்ற இடைவெளியை நிரப்ப, 1993இல் பிரேமதாச ஆட்சியில் சீருடைத் துணி இலவசமானது. பின்னர் சில ஆண்டுகள் துணிக்குப் பதில் வவுச்சர் தந்தார்கள். மீண்டும் துணிக்கே திரும்பினார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் சீனா கைகொடுத்தது: 2023இல் தேவையின் 70 வீதம், 2024இல் 80 வீதம், 2025இல் முழுவதும்.

சமத்துவம் துணியளவில் நிறைவேறியதாகக் கொள்ளலாம். ஆனால் தையல்கூலி, மேசு, ரை, ரிபன், தண்ணீர்ப் போத்தல், புத்தகப் பை ஆகியன துணியில் அடங்கா. வசதி வெள்ளைச் சட்டையை விட்டு இறங்கி, சப்பாத்தில் போய்க் குடியேறியது. முதலாம் தரத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் முகம் பார்க்கும் முன்பே கால் பார்ப்பது இதனாலேயே.

7. முடிபு

சீருடை பிள்ளைகளைச் சமமாக்குகிறது என்பது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பெற்றோர் டிசம்பரில் கெய்சர் வீதியில் பேரம் பேசி நிரப்புகிறார்கள். ஆகவே அதிபர்மாருக்கும் காலையில் வாசலில் நிற்கும் மாணவத் தலைவர்களுக்கும் இவ்வாய்வின் விண்ணப்பம் ஒன்றே: ஆரம்பப் பிரிவுப் பிள்ளையின் சட்டையில் மடிப்புக்கோடு தெரிந்தால், மேசு பழுப்பேறியிருந்தால், அதை ஒழுக்கக் குறைவாகக் குறித்துக்கொள்ளாதீர்கள். சட்டை சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சப்பாத்தைப் பாராதீர்கள்.