வேட்டித் திரைக்கு ஃபோர்கே

வா தம்பி, குந்து. கணக்கப்பிள்ளை வீட்டு டிஷ் பெட்டியில ஓடுற மேட்ச்ச பெரட்டுக் களத்துல திரை கட்டிக் காட்டப் போறீங்களாமே? நல்ல காரியம். 1996ல லாகூர் ஃபைனல்ல அரவிந்த டி சில்வா 107 அடிச்சப்போ ஒரே டிவி முன்னால மூணு லயமும் குமிஞ்சு கெடந்துச்சு. நான் பார்த்ததெல்லாம் முன்னால நின்னவன் பிடரிதான்.

ஆனா சாமான் வாங்க ரத்தினபுரி டவுனுக்குக் கெளம்புறதுக்கு முன்னால சொல்லு, கணக்கப்பிள்ளை வீட்டுலேருந்து களத்துக்கு எத்தனை மீட்டர்? முழிக்கிறியே! தூரம் தெரியாது, ஃபோர்கே மட்டும் வேணும். திரை என்னமோ பூசாரியோட பழைய வேட்டி. அதுல ஃபோர்கே ஓட்டினா வேட்டியில இருக்கிற பொத்தல் பளிச்சுன்னு தெரியும், வேறென்ன.

எச்டிஎம்ஐ வயர் சாதாரணமா பத்துப் பதினஞ்சு மீட்டருக்கு மேல தாங்காது. அதுக்குத்தான் எக்ஸ்டென்டர்: அந்தப் பக்கம் ஒரு பெட்டி, இந்தப் பக்கம் ஒரு பெட்டி, நடுவுல நெட்வொர்க் வயர். மலிவுப் பெட்டி அட்டையில 60 மீட்டர்னு போட்டிருப்பான். கொழுந்து நிறுக்கையில கூடைக்கு, தண்ணிக்குன்னு கிலோ கழிக்கிறாங்களே, அது மாதிரி நீயும் அதுல பாதியைக் கழிச்சுக்க. காலமெல்லாம் கழிபட்டோம், ஒரு தரமாவது நாம கழிப்போமே! 100 மீட்டர் வேணும்னா எச்டிபேஸ்டி இருக்கு. 2010ல எல்ஜி, சாம்சங், சோனி, வேலன்ஸ் நாலு கம்பெனியும் சேர்ந்து கொண்டாந்தது. படம் பளிச்சு, மடி காலி.

இந்த ரெண்டையும் கொண்டுபோய் வைஃபை ரவுட்டர்ல சொருகிட்டுப் படம் வரலேன்னு கடைக்காரன்கூட மல்லுக்கு நிக்காதே. அது நேரா பெட்டிக்குப் பெட்டி போற வயர். ஸ்விட்ச் வழியா நாலஞ்சு டிவிக்குப் பிரிக்கணும்னா ஐபி வகைன்னு கேட்டு வாங்கு. அதுல படம் ஒரு நொடிக்குள்ள கொஞ்சம் பிந்தி வரும். மேட்ச் பார்க்கிறவனுக்கு ஒண்ணுமில்ல, கேம் வெளையாடுற உன் தம்பிதான் குதிப்பான்.

வயர்லதான் ஏமாத்து. கேட்-6னு மேல அச்சடிச்சிருக்கும், உள்ள செம்பு பூசின அலுமினியம் இருக்கும். ஒரு கம்பியை உரிச்சு கத்தி நுனியால சுரண்டிப் பாரு. வெள்ளையாத் தெரிஞ்சா கும்பிடு போட்டுட்டு வந்துரு. சுத்தச் செம்பு உள்ளேயும் சிவப்பாத்தான் இருக்கும். ரெண்டு நுனியிலயும் கலர் வரிசை ஒண்ணா இருக்கணும், அதையும் கண்ணைத் தொறந்து பாரு.

இன்னொண்ணு, வருஷத்துக்கு 3500 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டுற ஊரு இது. ஏப்ரல், அக்டோபர் பின்னேரத்துல இடி கேட்டு நடுங்காத ஆளு சப்ரகமுவவுல கெடையாது. வீட்டுக்கும் களத்துக்கும் நடுவுல வெட்டவெளியில செம்பு வயரை இழுத்து விட்டா, மின்னல் வந்து உன் பெட்டி ரெண்டையும் டிவியையும் ஒண்ணா வாங்கிட்டுப் போகும். அதனால வீட்டுக்குள்ளன்னா செம்பு போதும். களம் வரைக்கும்னா, காசு கூடினாலும், உலோகம் சேராத ஃபைபர் வயர்ல ஓடுற எக்ஸ்டென்டரையே வாங்கு. கண்ணாடி இழையில மின்சாரம் ஓடாது.